ஆறு மணி மாத்திரை

என் பெயர் எர்னஸ்ட். பீடோங்கில் இருபத்திரண்டு வருடம் பள்ளி பஸ் ஓட்டினேன். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதைத் தற்பெருமை என்று என் மகள் மெலிசா சொல்வாள். சொல்லட்டும். நேரம் தவறாதவன் என்பதைத் தவிர என்னைப்பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை, அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

என் மனைவி கேதரினுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருடம். அவள் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள். வேலைக்காட்டுக்குப் போகும் பெண்கள் இருட்டோடு இருட்டாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதால் நாலு மணிக்கே எழுந்து பழகிவிட்டாள். அலாரம் வைத்ததே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு இந்த நோய் முதலில் கையில் வரவில்லை, தூக்கத்தில்தான் வந்தது. கண்ணை மூடியபடியே என் முதுகைத் தட்டித் தாலாட்டுவாள். சில நாள் தட்டு அறையாக விழும். "எந்தப் பிள்ளை அடம் புடிச்சுது?" என்று காலையில் கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். பகலிலோ சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கிப் போவாள். சோம்பேறித்தனம் என்று நான் ஏசியும் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கை நடுங்கியது, நடை சுருங்கியது, டாக்டர்கள் நோய்க்குப் பெயர் சொன்னார்கள்.

மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, இரவு பத்து. மெலிசா என் கைப்பேசியில் ஐந்துக்கும் அலாரம் வைத்துக் கொடுத்தாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் இருக்கிற சத்தங்களிலேயே கர்ண கொடூரமான சேவல் சத்தத்தைத் தேடிப் பிடித்து வைத்தாள். காலை ஆறு மணிக்குக் கேதரின் உடம்பு பலகையாக இறுகிக் கிடக்கும். திரும்பிப் படுக்க முடியாது, பேச்சு வராது. சேவல் கூவியதும் நாக்கை மட்டும் நீட்டுவாள், பூசையில் நன்மை அப்பம் வாங்குவதுபோல. நான் மாத்திரையை வைத்து, தலையைத் தூக்கி, இரண்டு வாய் தண்ணீர் கொடுப்பேன். முக்கால் மணி நேரத்தில் கண் தெளிந்துவிடும். "என்னங்க, கோப்பி கலக்கட்டா?" என்பாள். தினமும் அவளை எழுப்பிவிடுகிறவன் நான்தான் என்ற கர்வம் எனக்கு இருந்தது.

போன வருடக் கடைசியில் பித்தப்பையில் கல் என்றார்கள். வலி வந்தால் துடித்துப் போவாள். அறுவை சிகிச்சைக்கு மூன்று மாதம் காத்திருந்து தேதி கிடைத்தது. தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் யோகேஸ்வரி. நம் தமிழ்ப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், கேள்வி கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்லும் ரகம்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல சாப்பாடு கூடாது அங்கிள். ஆனா ஆறு மணி பார்க்கின்சன் மாத்திரை மட்டும் கட்டாயம் கொடுத்திடணும். ஒரு வாய் தண்ணியோட. மறந்துறாதீங்க லா."

"வயிறு காலியா இருக்கணுமே, டாக்டர்?"

"அந்த ஒரு வாய் தண்ணியால ஒண்ணும் ஆகாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க பஸ் ஓட்டினவங்கதானே? மயக்க மருந்துங்கிறது எஞ்சினை நிறுத்துற மாதிரி. மறுபடி ஸ்டார்ட் பண்ண பெட்ரி வேணும். மூளைக்குள்ள நம்மள முழிக்க வைக்கிற சாமான் நாலஞ்சு இருக்கு, டோபமீன் அதுல ஒண்ணு. ஆன்ட்டிக்கு அது சொந்தமா ஊறுறது கொறஞ்சிருச்சு. நீங்க கொடுக்கிற மாத்திரைதான் உள்ள போய் டோபமீனா மாறுது. அது இல்லேன்னா உடம்பு இறுகிரும், முழிப்பும் லேட்டாகும், எச்சில்கூட முழுங்க முடியாது."

அவளுக்குப் பேச்சு ருசிபட்டுவிட்டது. ஏதோ ஆராய்ச்சியில், மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே எலியின் மூளையில் டோபமீன் சுரக்கும் இடத்தைத் தூண்டிவிட்டார்களாம். எலி எழுந்து நடந்ததாம். கேதரினுக்கு அது பிடித்துப்போயிற்று. "எலியக்கூட விட மாட்டேங்கிறாங்க, பாவம், தூங்குறத எழுப்பிக்கிட்டு," என்று காரில் வரும்போது சொன்னாள்.

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய். பெட்ரி இல்லாமல் வண்டி கிளம்பாது என்று எனக்கா தெரியாது?

ஆனால் எனக்கு ஒரு தம்பி இருந்தான். பிரெடி. எழுபத்து நாலில் குடல்வால் அறுவைக்குப் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் அம்மா நன்மை வாங்குகிற விஷயத்தில் படு கண்டிப்பு. கோயிலில் விரதச் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் வீட்டில் தளர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் எங்கள் பல்லில் படக்கூடாது. கோயிலுக்கு அப்படி நடந்தவள் ஆஸ்பத்திரிக்கு வளைந்து கொடுத்துவிட்டாள். பிள்ளை பசியாறாமல் கத்திக்குப் போகிறானே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு குவளை மைலோவும் இரண்டு ரொட்டியும் கொடுத்தாள். மயக்கத்தில் அது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பிரெடியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா சாகும்வரை மைலோ டின்னைக் கண்ணால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரி விரதம் என்றால் எனக்கு அம்மாவின் நன்மை விரதம்தான். துளி என்றாலும் துளிதான்.

அன்று காலை ஆறு மணிக்குச் சேவல் கூவியது. நான் ஏற்கெனவே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை என் கையில் இருந்தது. தண்ணீர்க் குவளையும் எடுத்து வைத்திருந்தேன். அதுவரைக்கும் கொடுப்பதாகத்தான் எண்ணம், சத்தியமாக. சேவலை நிறுத்தினேன். கேதரின் நாக்கை நீட்டினாள்.

குவளையைப் பார்த்தேன். பிரெடியின் வாயோரம் காய்ந்திருந்த பழுப்புக் கறை, ஐம்பது வருடம் கழித்து, அப்படியே கண் முன்னால் வந்தது.

"இன்னிக்கு வேணாம் கேத்தி. ஒருசந்தி விரதம்னு நெனச்சுக்கோ. முடிஞ்சதும் தர்றேன்."

அவள் நாக்கு உள்ளே போகவில்லை. கண் என்னையே பார்த்தது. டாக்டர் சொன்னதை அவளும் கேட்டவள்தானே. "ம்... ம்..." என்று ஏதோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை. நான் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். மெல்ல வாயை மூடிக்கொண்டாள். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மெலிசாவுக்குக் கூலிம் தொழிற்சாலையில் அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறேன் என்றிருந்தாள். நான் மட்டும்தான் கேதரினைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வார்டில் ஒரு மலாய்த் தாதி சீட்டைப் பார்த்துவிட்டு, "பாக்சிக், ஓபாட் பாகி சுடா மாக்கான்?" என்று காலை மருந்தைப்பற்றிக் கேட்டாள். இல்லை என்று சொன்னால் இப்போதே கொடு என்பாள், தண்ணீரோடு. "சுடா," என்றேன். சாப்பிட்டாயிற்று.

அறுவைக் கூடத்து வாசலில் டாக்டர் யோகேஸ்வரி பச்சை உடுப்பில் நின்றாள். "ஆறு மணிக்குக் கொடுத்தீங்கதானே அங்கிள்? கொஞ்சம் டைட்டா இருக்காங்களே."

"கொடுத்தேன் டாக்டர். பயத்துல இருக்கா."

படுக்கையில் கிடந்த கேதரின் இதைக் கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. கதவு மூடிக்கொண்டது.

எட்டு மணிக்கு என்றது பதினொன்றுக்குத்தான் தொடங்கியது. பத்து மணிக்கு என் பையில் சேவல் கூவியது, அவசரமாக நிறுத்தினேன். இரண்டு மணிக்கும் நிறுத்தினேன். மூன்று மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

கல்லை எடுத்தாயிற்று, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கேதரின் விழிக்கவில்லை. கைகள் மார்போடு மடங்கி இறுகிக் கிடந்தன. தாடை பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் எச்சில் தேங்கிக் கொறகொறவென்று சத்தம்.

"பன்னெண்டரைக்கே மயக்க மருந்த நிறுத்திட்டோம்," என்றாள் டாக்டர் யோகேஸ்வரி. "நேரத்துக்கு மாத்திரை போயிருந்தா இவ்ளோ இறுக்கம் வரக்கூடாது. அதான் எனக்கு ஒதைக்குது. அங்கிள், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையில ஆறு மணிக்குக் கொடுத்தீங்களா?"

இப்போது பிரெடியின் பயம்கூட இல்லை. அறுவை முடிந்துவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் கேதரினுக்கு நல்லது நடக்கும், எனக்கு அவமானம். அவ்வளவுதான் கணக்கு. ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

"கொடுத்தேன்," என்றேன்.

"அப்போ மூளையில அடைப்பான்னு பார்க்கணும்." அவள் முகம் மாறிவிட்டது. கேதரினைத் தலை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கொறகொறப்பு நடைபாதை முழுக்கக் கேட்டுக்கொண்டே போயிற்று.

நான் வெளி நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது விழித்துவிடுவாள், விழித்துவிடுவாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். எலியால் எழுந்து நடக்க முடிந்ததே, இவளால் முடியாதா? ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று ஒருவர் வந்து சொன்னார். வேறு சோதனைகள் செய்யப் போகிறோம் என்றார். மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாத்திரை என் நெஞ்சோரத்தில், அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. எழுந்து போய் நாலு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதற்காக என்னை எவன் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன்.

ஆறு மணிக்குச் சேவல் கூவியது. அவசரமாக எடுத்ததில் கைப்பேசி கீழே விழுந்து, தரையில் கிடந்தபடி கூவிக்கொண்டே இருந்தது. எதிரே இருந்த மலாய்க்கார மாது சிரித்தாள். உங்கள் சேவலுக்குப் பசி போலிருக்கிறது என்றாள். மூன்று தடவை பொய் சொன்ன பிறகு சேவல் கூவினால், ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்துவிட்டுச் சேவல் கூவியதும் அழுத சீடனின் கதை கேட்டு வளர்ந்த ஒரு கத்தோலிக்கனுக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். டாக்டர் யோகேஸ்வரியிடம் மாத்திரையை நீட்டினேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அதைத் தொடக்கூட இல்லை. திட்டவும் இல்லை. திரும்பி உள்ளே ஓடினாள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, மருந்தைக் கரைத்து இறக்கினார்கள்.

மெலிசா ஏழு மணிக்கு வந்தாள். காலை மாத்திரை போகவில்லை என்று மட்டும் டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தாள். "ஏன்ப்பா போகல? நீங்கதானே கொடுப்பீங்க?" என்று கேட்டாள். "அப்புறம் பேசுவோம்மா," என்றேன். அவள் விடுகிறவள் இல்லை, ஆனால் அப்போது அம்மாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள்.

கேதரின் மூன்றாம் நாள் காலையில்தான் கண் திறந்தாள். கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. குரல் காற்றாக வந்தது. மெலிசா அழுதுகொண்டே அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு, என்னைக் கேட்டுப் பதில் வராத கேள்வியை அவளிடம் கேட்டாள்.

"ஏம்மா மாத்திர போடல அன்னிக்கு?"

கேதரின் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா குடுத்தாரு," என்றாள். "நான்தான் துப்பிட்டேன்."

"ஏம்மா இப்படிப் பண்றீங்க?" மெலிசாவுக்குக் கோபம் வந்தது. "எவ்ளோ தடவ சொன்னாங்க! சின்னப் பிள்ளையா நீங்க?"

கேதரின் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா, தூங்குவதுபோல் கிடந்தாளா தெரியவில்லை. மெலிசா சாப்பாடு வாங்கப் போனதும் நான் குனிந்து கேட்டேன்.

"ஏன் கேத்தி அப்படிச் சொன்ன?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அவளும் ஒங்கள விட்டுட்டா, ஒங்களுக்கு யாரு இருக்கா?"

அந்த இடத்தில் எனக்கு அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும் போலிருந்தது. பிடித்தேன். கதறவில்லை, பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. அவள் கால் விரல் என் உள்ளங்கையில் லேசாக அசைந்தது. மன்னித்தாளா, நோயின் நடுக்கமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

நெஞ்சுக்குள் போன எச்சில் நிமோனியாவாக மாறியது. காய்ச்சல் ஏறியது. பகல் முழுக்கத் தூங்கினாள். தூக்கத்தில் அவள் வலது கை மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தது, யாரோ ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல. பதினோராம் நாள் மத்தியானம் அந்தக் கை நின்றது. "நிமோனியாவுக்குப் பல காரணம் இருக்கு அங்கிள். அந்த ஒரு மாத்திரையாலதான்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் டாக்டர் யோகேஸ்வரி. இல்லை என்றும் அவள் சொல்லவில்லை.

அடக்கத்தில் மெலிசா அழவில்லை. அதிர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலிமிலிருந்து வந்து, எனக்குச் சமைத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். கேதரின் நினைத்தது நினைத்தபடியே நடந்தது. அதற்கு அவள் கொடுத்த விலையை நான் தினம் இரண்டு வேளை சோறாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கல்லறையில் பூ வைத்துவிட்டு, வீட்டில் சாப்பாடு போட்டோம். ஒன்றரை மணிக்கெல்லாம் வந்தவர்கள் போய்விட்டார்கள். மெலிசா தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், ஏசாதீங்கப்பா. அம்மா மேல எனக்குக் கோவம் போக மாட்டேங்குது."

"எதுக்கும்மா கோவம்?"

"துப்புனதுக்கு. நீங்க கையில கொடுத்ததத் துப்பிட்டு, செத்துப் போய்ட்டாங்க. கல்லறையில நிக்கிறேன், எல்லாரும் அழறாங்க, எனக்கு வரல. ஏம்மா துப்புனீங்கன்னு கத்தத்தான் தோணுது. பெத்த அம்மா மேல யாருக்காச்சும் இப்படி வருமா?"

கேதரின் எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னபோது, மகளிடம் தனக்கு இருந்த பாசத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்காக அழ ஒரே ஒரு பெண் பிள்ளை. அந்த அழுகையையும் நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேசை மேல் சேவல் கூவியது. மணி இரண்டு.

"இன்னுமா இத வச்சிருக்கீங்க?" மெலிசா கையை நீட்டினாள். "ஓஃப் பண்ணுங்கப்பா."

"இரு மெலி." அவள் கையைப் பிடித்தேன். "அன்னிக்கு ஆறு மணிக்கும் இது கூவுச்சு. நான்தான் நிறுத்தினேன். அம்மா துப்பல. நான் குடுக்கவே இல்ல."

பர்சைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரம் உடைந்து பொடிந்திருந்தது. பிரெடியைப்பற்றிச் சொன்னேன், மைலோவைச் சொன்னேன், மூன்று தடவை சொன்ன பொய்யையும் சொன்னேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் சொன்னேன். சேவல் தானாகக் கூவி ஓய்ந்தது. மெலிசா மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மாத்திரையக் கேட்டாங்களா?" என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சோதிக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

"நாக்க நீட்டினா, மெலி."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுக்கவில்லை. கைப்பையையும் எடுக்கவில்லை. வாசலைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் கிளம்பவில்லை, சாவி கைப்பைக்குள் இருந்தது. கைப்பை என் முன்னால் மேசையில் இருந்தது.

மூடிய கண்ணாடி வழியாக, என் மந்தக் காதுக்கும் கேட்கும்படி அவள் அழுதாள். அம்மா, அம்மா என்று, முப்பது நாளாக வராததெல்லாம் வந்தது. நிறுத்தாமல் விட்டிருந்ததால் சேவல் மறுபடி கூவியது, நான் தொடவில்லை. அவள் அழுதுகொண்டே இருந்தாள். அதில் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. நானும் எழுந்து போகவில்லை.